கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே

நேயர்களுக்கு வணக்கம். 2005ஆம் ஆண்டில் அறிமுகமான டாடா ஏஸ் வண்டியை நீங்கள் குட்டி யானை என்றே அறிந்திருப்பீர்கள். அத்தகைய சிறு சரக்கு வண்டியில் கிளட்ச் மாற்றும் வேலையைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன்.

702 சிசி கொண்ட அதன் இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கிளட்சைத் தொட வேண்டுமானால், பின் அச்சுக்குப் போகும் புரோப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கியர்பாக்ஸையே கீழே இறக்கியாக வேண்டும். கூலியில் பெரும்பகுதி இதற்கே போய்விடுவதால், தேய்ந்தது கிளட்ச் பிளேட் மட்டும்தான் என்றாலும், அதை எஞ்சின் பக்கம் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்று எல்லா உரிமையாளர்களிடமும் சொல்லிவருகிறேன்.

கொடைக்கானல் மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட் ஏற்றிவரும் ஒருவர், "பேரிங் நன்றாகத்தானே சுற்றுகிறது?" என்று கேட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போனார். சில மாதங்களில், பெடலை மிதிக்கும்போதெல்லாம் பேரிங் கீச்சிட ஆரம்பித்தது. அவரோ, அது காதில் விழாதபடி வானொலியை உரக்க வைத்து ஓட்டியிருக்கிறார். கேட்டது இந்த நிலையத்தின் நிகழ்ச்சியாகவே இருந்திருக்கலாம். முடிவில் அந்தச் சிறு பேரிங்குக்காகக் கியர்பாக்ஸ் மறுபடியும் இறங்கியது. கூலியும் மறுபடியும் முழுதாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இறக்கிய கையோடு, எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். கசியும் எண்ணெய் புதுப் பிளேட்டில் பட்டால் அதுவும் வழுக்கும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், பிளேட் அழுந்தும் சக்கரமான ஃபிளைவீலின் முகத்தில் சூட்டினால் நீலத் திட்டுகளோ வெடிப்புக் கோடுகளோ தெரிந்தால், அதைக் கடைசல் பட்டறைக்கு அனுப்புவதா, புதிதாக வாங்குவதா என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும். பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்குப் பல மெக்கானிக்குகள் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிப் பார்ப்பார்கள். பிளேட் நடுவில் நில்லாமல் போல்ட்டுகளை முடுக்கிவிட்டால், கியர்பாக்ஸை எவ்வளவு தள்ளினாலும் சேராது. போல்ட்டுகளையும் எதிரெதிராக, சிறிது சிறிதாகவே முடுக்க வேண்டும்.

நேரம் முடியப்போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஓட்டும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். புதுக் கிளட்ச் போட்டபின் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அதிகச் சுமை ஏற்றாதீர்கள். மேட்டில் நிற்க அரைக் கிளட்சில் பிடிக்காமல் கைப் பிரேக்கைப் போடுங்கள். பெடலில் சிறிது தளர்ச்சி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.