கனடா போன பிறகு கோவை வீட்டு வாடகைக்கு வரி எங்கே கட்டுவது?

அடுத்த கேள்வி. ஒரு வாசகர் குடும்பத்தோடு டொராண்டோ போய்விட்டாராம், கோயம்புத்தூர் வீட்டை மாதம் 25,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறார், பணம் அப்பா கணக்குக்குப் போகிறது. "இந்தியாவில் வேறு வருமானமே இல்லை, வரி ஏதாவது கட்டணுமா?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த அப்பா கணக்கு. வீடு உங்கள் பெயரில் இருந்தால், வாடகையை யார் வாங்கினாலும் அது உங்கள் வருமானம்தான். அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதேதான். உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தை வாங்குவதற்கான வங்கிக் கணக்கு) மாற்றி, வாடகையை அதில் வாங்குங்கள்.

சரி, வரிக்கு வருவோம். வருஷத்துக்கு 3 லட்சம் வாடகை. சொத்து வரி 10,000 கட்டுவதாக வைத்துக்கொண்டால் மிச்சம் 2,90,000, அதில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொள்ளச் சொல்கிறது, ஒரு ரசீதும் வேண்டாம், ஆக 2,03,000தான் வருமானம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. உங்களுக்கு வரி பூஜ்யம். (12 லட்சம் வரை வரி கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான், நமக்கு இல்லை.)

ஆனால் சிக்கல் குடியிருப்பவர் பக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம், அதாவது மாதம் 7,800 ரூபாயை டிடிஎஸ்ஸாக, வாடகை கொடுக்கும்போதே பிடிக்கும் வரியாக, பிடித்துக் கட்டணும், அதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வாங்கணும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் தாக்கல் செய்யணும். உள்ளூர் வீட்டுக்காரருக்கு இருக்கிற மாதம் 50,000 வரம்பு இங்கே செல்லாது. முக்கால்வாசிப் பேர் இதைக் குடித்தனக்காரரிடம் சொல்வதே இல்லை. பாவம், அவர் கம்பெனியில் எச்ஆர்ஏ என்ற வாடகைப் படிக்கான வரிச் சலுகைக்காக உங்கள் பான் எண்ணைக் கொடுத்திருப்பார், நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பிடிக்காத வரிக்கு வட்டியோடு பதில் சொல்ல வேண்டியவர் அவர். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, வெளிநாடு போகும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதற்கு வழி இருக்கிறது. வரியே வராத அளவு வருமானம் என்று காட்டி, குறைவாகவோ பிடிக்காமலோ இருக்கச் சான்றிதழ் கேட்டு வருமான வரித் துறைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வருஷம் 93,600 ரூபாய் போய்விடும், ஜூலை 31-க்குள் ஐடிஆர்-2 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கணும்.

அப்புறம் கனடா. அங்கே குடியிருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் காட்டணும், இந்த வாடகையும் அதில் சேரும். நம் ஊரின் 30 சதவீதக் கழிவு அங்கே கிடையாது, ரிப்பேர், சொத்து வரி, கடன் வட்டி என்று உண்மையில் ஆன செலவைத்தான் கழிக்க முடியும். இந்தியாவில் கட்டிய வரிக்குக் கனடாவில் கழிவு கிடைக்கும், ஆனால் திரும்பக் கிடைக்கக்கூடிய டிடிஎஸ்-ஐ அப்படிக் காட்ட முடியாது. அதனால் ரீஃபண்ட் வேண்டாம், கனடாவில் கழித்துக்கொள்கிறேன் என்ற கணக்கு எடுபடாது.

இன்னொன்று, கனடா வரித் துறைக்கு வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் டி1135 படிவம். கனடாவுக்கு வெளியே உள்ள இப்படிப்பட்ட சொத்தின் அடக்க விலை 1 லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் கொடுக்கணும், புதிதாகக் குடியேறிய முதல் வருஷம் மட்டும் தேவையில்லை. இதற்கு வரி இல்லை, ஆனால் தாமதமானால் நாளுக்கு 25 டாலர், 2,500 வரை அபராதம். உங்களுக்கு அடக்க விலை என்பது வீட்டை வாங்கிய விலை அல்ல, கனடாவில் குடியேறிய அன்றைய சந்தை மதிப்பு. அந்தத் தேதிக்கு மதிப்பீட்டாளரிடம் ஒரு அறிக்கை வாங்கி வையுங்கள், பின்னால் வீட்டை விற்றால் கனடா லாபத்தைக் கணக்கிடுவதும் அந்த மதிப்பிலிருந்துதான்.