கையைத் தூக்கியவனுக்குச் சந்தேகப்பட உரிமை உண்டு

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

'அனிமேவை ஹாலிவுட் லைவ் ஆக்‌ஷனாக எடுக்கிறது என்றதும் ரசிகர்களுக்கு எழும் சந்தேகம் நியாயமா, பிடிவாதமா?' இதுதான் தலைப்பு. அனிமே என்றால் ஜப்பானியர் வரைந்து எடுக்கும் படம், லைவ் ஆக்‌ஷன் என்றால் அதே கதையை நிஜ ஆட்களை நடிக்க வைத்து எடுப்பது. சந்தேகம் நியாயமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் எங்கள் மீது மூன்று குற்றம் சுமத்தினார். படம் வரும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோமாம். எந்த மாற்றத்தையும் ஏற்க மாட்டோமாம். ஆட்களை வைத்து எடுத்த 'ஒன் பீஸ்' தொடர் ஜெயித்த பிறகும் எங்கள் வாய் அடங்கவில்லையாம். போகிற போக்கில், "ஒரு கார்ட்டூனுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஐயா.

நானும் என் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் 'டிராகன் பால் ஸீ' பார்த்தவர்கள். மஜின் பூ என்ற அரக்கனோடு நடக்கும் கடைசிச் சண்டையில், நாயகன் கோகுவுக்காகப் பூமியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் போகும். கையை மேலே தூக்குங்கள், உங்கள் சக்தியில் கொஞ்சம் கொடுங்கள் என்று. என் தம்பிக்கு அப்போது எட்டு வயது. டிவிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். கையை இறக்கவில்லை. அந்தச் சக்தி பந்தாகிப் போய் விழும்வரை இறக்கவில்லை. இந்த அரங்கத்தில் அப்படிக் கையைத் தூக்கியவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். கார்ட்டூன் என்று நீங்கள் சொன்னது எங்களுக்கு அதுதான்.

அந்தக் கோகுவை 2009-ல் ஹாலிவுட் எப்படிக் காட்டியது? காட்டில் தனியே வளர்ந்து, சூதுவாது தெரியாமல், சோற்றையும் சண்டையையும் தவிர எதையும் பெரிதாக நினைக்காத பிள்ளை அவன். 'டிராகன்பால் எவல்யூஷன்' அவனை அமெரிக்க ஹைஸ்கூலில் கொண்டுபோய் உட்கார வைத்தது. சக மாணவர்கள் அவனை வம்புக்கு இழுக்கிறார்கள். அவன் ஒரு பெண்ணிடம் பேசத் தயங்குகிறான். ஆயிரம் அமெரிக்கப் படங்களில் பார்த்த அதே பையன், தலைமுடி மட்டும் வேறு. கதையைப் படைத்த அகிரா தொரியாமா பிறகு சொன்னார்: திரைக்கதை அந்த உலகத்தைப் பிடிக்கவே இல்லை, எச்சரித்தேன், மாற்றங்கள் சொன்னேன், அவர்கள் காதில் வாங்கவில்லை என்று. திரைக்கதை எழுதிய பென் ராம்சே 2016-ல் ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தான் ரசிகனாக அதற்குள் போகவில்லை, பெரிய சம்பளத்துக்காகப் போனேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, எழுதியவரே ஏழு வருடம் கழித்து ஒப்புக்கொண்டதை ரசிகன் டிரெய்லரிலேயே கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பெயர் பிடிவாதமா?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பூனையைக் குறை சொல்கிறீர்களே, அடுப்பைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது, மாற்றம். மாற்றமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்று என்கிறோம். இதற்கு ஒரே ஒரு படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க அனுமதி வேண்டும்: 'கோஸ்ட் இன் தி ஷெல்'.

மசமுனே ஷிரோவின் மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து, மமோரு ஓஷீ 1995-ல் எடுத்த அனிமே அது. கதாநாயகி மேஜர் மொடோகோ குசனாகிக்கு உடம்பு முழுவதும் தொழிற்சாலையில் செய்தது. அவளுடையது என்று மிஞ்சியிருப்பது மூளை மட்டும். படத்தின் நடுவில் கதையே நின்றுபோகும். ஏறக்குறைய மூன்று நிமிடம் ஒரு வசனம் கிடையாது. கென்ஜி கவாயின் இசை. மழை. கால்வாயில் படகு போகிறது. மேஜர் நிமிர்ந்து பார்க்கிறாள், கட்டடத்தின் உள்ளே தன் முகத்தோடு இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் துணிக்கடைப் பொம்மைகள். அவ்வளவுதான். 'நான் என்பது எது?' என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்காமலே நம் நெஞ்சில் இறக்கிவிடும் மூன்று நிமிடம் அது. முடிவில் அவள் இன்னொரு அறிவோடு கலந்து, பழைய 'நான்' என்பதை விட்டுவிட்டுப் போகிறாள்.

2017-ல் ஹாலிவுட் எடுத்த படத்தில் என்ன நடக்கிறது? ஸ்கார்லெட் ஜோஹான்சன் மேஜராக வருகிறார். அவருடைய நினைவைத் திருடிய ஒரு கம்பெனி முதலாளி இருக்கிறார். இழந்த கடந்தகாலம் கிடைக்கிறது, அம்மாவின் வீடு கிடைக்கிறது, கடைசியில் ஒரு கல்லறை. என்னோடு கலந்துவிடு என்று இன்னொருவன் கூப்பிடும்போது மாட்டேன் என்கிறார். மூலம் தன்னை விட்டுவிடுவதைப் பற்றிய கதை. இது தன்னைக் கண்டுபிடிப்பதைப் பற்றிய கதை. உடையும் அதே, மாடியிலிருந்து குதிக்கும் காட்சியும் அதே, கேள்வி மட்டும் தலைகீழ். புடவையை உள்பக்கம் வெளியே வரும்படி கட்டியது போல.

எதிரணி நண்பர் ஒருவர் சொல்வார், எனக்குத் தெரியும்: "ஜோஹான்சன் நடித்ததில் தவறில்லை என்று ஓஷீயே சொல்லிவிட்டாரே." சொன்னார். மேஜரின் உடம்பு செயற்கை உடம்புதானே, அதற்கு ஜப்பானிய முகம்தான் வேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் படம் அவரைக் கைவிட்டுவிட்டது. அந்த வெள்ளை உடம்புக்குள் இருப்பது ஒரு ஜப்பானியப் பெண்ணின் மூளை, அவள் உண்மைப் பெயர் மொடோகோ குசனாகி என்று படமே சொல்கிறது. தோலின் நிறத்தைக் கதைக்குள் கொண்டுவந்தது ரசிகன் இல்லை, திரைக்கதை. கொண்டுவந்துவிட்டு, ஒரு பெண்ணின் இனமே அவளிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி ஒரு காட்சி யோசிக்காமல் கடந்துபோகிறது. எனக்கு அதுதான் வலித்தது.

அதே 2017-ல் 'டெத் நோட்'. நோட்டில் பெயர் எழுதினால் ஆள் சாவான். மூலத்தில் லைட் யாகமி நாட்டிலேயே முதல் மாணவன், பனிக்கட்டி மாதிரி மனம், சாவுத் தெய்வத்தோடு சமமாகப் பேசுகிறவன். லைவ் ஆக்‌ஷனில் அவனே சியாட்டில் பையன் லைட் டர்னர் ஆகிவிட்டான்; அந்த லைட் அதே தெய்வத்தைப் பார்த்ததும் அலறுகிறான். இதற்கு மேல் நேரத்தைச் செலவிட விரும்பவில்லை.

'கௌபாய் பீபாப்' பற்றிச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. ஜான் சோ நல்ல நடிகர், உழைத்தார். மூலத்துக்கு இசையமைத்த யோகோ கன்னோவே வந்து இசையமைத்தார். அப்படியும் 2021 நவம்பர் 19-ல் வெளியான தொடரை டிசம்பர் 9-ல் நெட்ஃபிளிக்ஸ் ரத்து செய்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏன்? மூலத்தின் 26 அத்தியாயங்களில் நாயகன் ஸ்பைக்கின் காதலி ஜூலியா பெரும்பாலும் ஒரு நினைவு. மழையில் ஒரு ரோஜா, ஒரு பழைய மெட்டு. கடைசி அத்தியாயங்களில்தான் அவள் ஆளாக வந்து நிற்கிறாள், வந்ததும் போய்விடுகிறாள். அந்த இல்லாமைதான் ஸ்பைக்கின் சோகம். லைவ் ஆக்‌ஷனில் அவளுக்குத் தனிக் கதை, வசனம், சதி, கடைசியில் துப்பாக்கியும் கொடுத்தார்கள். வெற்றிடத்தை நிரப்பிவிட்டு, சோகம் எங்கே என்று தேடினார்கள். மூலத்தை இயக்கிய ஷினிசிரோ வதனாபே தொடக்கக் காட்சிக்கு மேல் பார்க்க முடியவில்லை என்று சொன்னார்.

அனிமே இயக்குநர் மியசாகி ஒரு பேட்டியில் கைகளைத் தட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் 'மா' என்று விளக்கினார். படகில் போகும் மேஜரும், ரோஜாவாக மட்டும் இருக்கும் ஜூலியாவும் அந்த 'மா'வில் வாழ்கிறவர்கள். முடி நிறம் சரியாக இருக்கிறதா, வாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் என்று எங்களைச் சொல்கிறீர்கள். நாங்கள் பயப்படுவது அந்த இடைவெளிக்காக.

சரி, 'ஒன் பீஸ்'. 2023 ஆகஸ்ட் 31-ல் வந்தது, எனக்கும் பிடித்தது, நாயகன் லூஃபியாக இன்யாகி கோடோய் சிரித்தபோது நானும் சிரித்தேன். ஆனால் அது எங்கள் கட்சிக்கான சாட்சி, நடுவர் அவர்களே! அதைத் தயாரித்த டுமாரோ ஸ்டுடியோஸ்தான் 'பீபாப்'பையும் தயாரித்தது. அதே நிறுவனம், இரண்டு வருட இடைவெளி. வேறுபாடு என்ன? படைத்தவரான எய்ச்சிரோ ஓடா, தான் திருப்தி அடையும்வரை வெளியிடுவதில்லை என்று நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டிருப்பதாக ரசிகர்களுக்கே கடிதம் எழுதினார். அவர் ஏன் அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும்? இந்த ரசிகர்கள் லேசில் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 'அலிட்டா' படமும் அப்படியே. மங்காவின் பெரிய கண்களைச் சுருக்காமல் 2019-ல் திரையில் வைத்தார்கள். முதலில் முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி. படம் பார்த்ததும் மாறினேன். எங்கள் சந்தேகத்துக்குப் பதில் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். ஜப்பானியரே எடுத்தாலும் தப்பு தப்புதான்: 2015-ல் அவர்கள் எடுத்த 'அட்டாக் ஆன் டைட்டன்' படங்களையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

"ஆள் நடித்தால்தான் பெரியவர்கள் பார்ப்பார்கள், புது ரசிகர்கள் வருவார்கள்" என்றார் எதிரணித் தலைவர். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் டப்பிங்கோடு நம் ஊர்த் தியேட்டருக்கு வந்ததே, அதில் யார் நடித்தார்கள்? வரைந்த படம்தான் ஓடியது. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா, பேரனோடு வந்து அழுதுகொண்டிருந்தார்.

இப்போது 'நருட்டோ'வை எடுக்கப் போகிறார்கள். டெஸ்டின் டேனியல் கிரெட்டன் எழுதி இயக்குவதாக 2024-ல் அறிவிப்பு வந்தது. கதையைப் படைத்த மசாஷி கிஷிமோட்டோ மகிழ்ச்சி தெரிவித்திருக்கிறார். நல்லபடியாக வரட்டும், முதல் நாளே போவேன். அந்தக் கதையில் ஒரு ஊஞ்சல் உண்டு. மற்ற பிள்ளைகள் தேறி, பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது, தேறாத நருட்டோ மரத்தடி ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்றும் பேச மாட்டான். என் தம்பிக்கு இப்போது முப்பது நெருங்குகிறது. அவனையும் கூட்டிப் போவேன். அந்த ஊஞ்சலில் அந்தப் பிள்ளையை எத்தனை நொடி பேசாமல் உட்கார விடுகிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருப்போம்.

வாய்ப்புக்கு நன்றி, நடுவர் அவர்களே. வணக்கம்.