பையன் யார்?

(மும்பை மாட்டுங்காவில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "நாவலில் மனதில் நிற்பது காதலா, மாயாஜாலமா?" காதல் அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணியினரே, லோக்கல் ரயில்களை நிறுத்திவைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கையும் மீறி வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் வணக்கத்தையே நீட்டினால் நான் குர்லா ஸ்டேஷனைக்கூடத் தாண்ட மாட்டேன். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு வெடி போட்டார், கைதட்டலும் அள்ளினார். "காதல் நாவலா? குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுப் படிக்கலாம். மூன்றாவது விசிலுக்குள் கல்யாணம் முடிந்துவிடும்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு யோசித்தேன். ஐயா, உங்கள் வீட்டில் குக்கரை வைப்பது யார்? மூன்றாவது விசிலுக்கு ஓடிப்போய் அடுப்பை அணைப்பது யார்? அவருடைய வீட்டம்மா இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். பதிலை அவர் முகத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அதுதானே உங்கள் குறை? மாயக்கதையில் மட்டும் என்ன தெரியாமல் போகிறது? டோல்கீன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கத்தான் ஃபிரோடோ கிளம்புகிறான். பாதி வழியில் மனசு மாறி அடகுக்கடையில் வைத்துவிடப் போகிறானா? அவ்வளவு ஏன், வேதாளம் கேள்வி கேட்கும், விக்கிரமாதித்தன் பதில் சொல்வான், அது மறுபடியும் மரத்தில் ஏறும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதானே இன்னொரு கதை கேட்டோம்?

அந்த விசில் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-ல் வந்தது. டார்ஸி முதல் தடவை வந்து காதலைச் சொல்லும்போது எலிசபெத் என்ன செய்கிறாள்? முகத்துக்கு நேரே முடியாது என்கிறாள். அது ஏறக்குறைய புத்தகத்தின் பாதி! நண்பரைப் போல மூன்றாவது விசிலில் அடுப்பை அணைத்திருந்தால் அந்த வீட்டில் சோறே வெந்திருக்காது. இருநூறு வருஷம் தாண்டியும் ஆவி அடங்காத குக்கர் ஐயா அது!

குக்கரை இறக்கி வைத்துவிட்டு ரயிலுக்கு வருவோம். டோம்பிவிலி போகிற மாலை நேர ஃபாஸ்ட், பெண்கள் பெட்டி. நான் நாலாவது சீட்டில், பாதி உடம்பு சீட்டிலும் பாதி காற்றிலுமாக உட்கார்ந்து போனில் ஒரு நாவல் படித்துக்கொண்டிருக்கிறேன். ரெபெக்கா யாரோஸ் எழுதிய 'ஃபோர்த் விங்', 2023-ல் வந்த புத்தகம். பக்கத்தில் ஒரு மாவ்ஷி, நம்ம பாஷையில் சித்தி. மடியில் பேப்பரை விரித்து மேத்திக்கீரை ஆய்கிறார். இலை பிளாஸ்டிக் பைக்கு, காம்பு பேப்பருக்கு, கண் மட்டும் என் போனுக்கு. தாதர் வந்தது. மராத்தியில் கேட்டார், நான் தமிழில் சொல்கிறேன்: "என்னம்மா படிக்கிறே?"

பெயரைச் சொன்னேன். "எந்த சொசைட்டியில்?" என்றார். அந்த அடுக்குமாடி விங் இல்லை மாவ்ஷி என்று சொல்லிக் கதையை ஆரம்பித்தேன். ஒரு பெண். நோஞ்சான் உடம்பு. நூலகத்தில் ஏடு எழுதப் போக வேண்டியவளைப் பெற்ற தாயே டிராகன் ஓட்டும் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறாள். அம்மா ராணுவத்தில் ஜெனரல். உள்ளே நுழையவே உயரத்தில் ஒரு குறுகலான பாலத்தைக் கடக்க வேண்டும், கால் தவறினால் உயிர் போச்சு. டிராகன் நெருப்பு கக்கும், மனதுக்குள்ளேயே பேசும், பிடிக்காவிட்டால் ஆளையே பொசுக்கிவிடும். இத்தனையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மாவ்ஷி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் சரி. பையன் யார்?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன். நெருப்பு கக்குகிற டிராகன் தலைக்கு மேலே பறக்கிறது. மாவ்ஷி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "பையன் யார்?"

சொன்னேன். அவன் அப்பா கலகத் தலைவர், மரண தண்டனை பெற்றவர். அந்தக் கலகத்தை அடக்கியதில் இவள் அம்மாவுக்குப் பங்கு உண்டு. அவ்வளவுதான்! எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண் கண்ணைத் திறந்துவிட்டாள். வாசல் பக்கம் நின்றவர் இயர்போனைக் கழற்றினார். "அப்போ ரெண்டு வீட்டுக்கும் ஆகாதா?" ஆகாது. "அம்மா ஒத்துக்கொள்வாளா?" காட்கோபர் வருவதற்குள் அங்கே ஒரு குடும்ப நீதிமன்றமே கூடிவிட்டது. டிராகனைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது: "அதுக்கெல்லாம் சாப்பாடு யார் போடுவது?"

மறுநாள் அதே வண்டி. மாவ்ஷி கையில் இன்றைக்குக் கொத்தவரங்காய். என்னைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். மும்பை லோக்கலில் கேட்காமல் இடம் கிடைப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டது ஒன்றே ஒன்று: "சமாதானம் ஆனாங்களா?" யுத்தம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. டிராகன் சாப்பிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. அவளுடைய டிராகனும் அவனுடைய டிராகனும் ஜோடி மாவ்ஷி, ஜோடியை ரொம்ப நாள் பிரித்து வைக்க முடியாது, அதனால் இவர்களும் பிரிந்திருக்க முடியாது என்றேன். மாவ்ஷி கொத்தவரங்காயைக் கீழே வைத்துவிட்டார். "அப்படிச் சொல்லு! அப்போ சம்பந்தம் பேசி முடிச்சாச்சு."

எதிரணி நண்பர்களே, நீங்கள் மார்தட்டிக்கொள்கிற டிராகன் அந்தக் கதையில் பார்க்கிற வேலை கல்யாணத் தரகர் வேலை!

அந்த நாவல் எனக்கு முழுக்கப் பிடித்ததா என்றால், இல்லை. பயிற்சி, பரீட்சை, சண்டை என்று நடுவில் கொஞ்சம் இழுவை. அங்கெல்லாம் நான் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனது அந்தப் பையன் மறுபடி எப்போது வருவான் என்றுதான்.

எதிரணித் தலைவர் மணிமேகலையை இழுத்தார். தெய்வம் வான்வழியே தூக்கிப் போகிறது, அமுதசுரபி அள்ள அள்ளக் குறையவில்லை, பார்த்தீர்களா மாயத்தை என்றார். பார்த்தோம். மணிமேகலா தெய்வம் அவளை எதற்காக மணிபல்லவத்துக்குத் தூக்கிப் போனது, சுற்றுலாவுக்கா? உவவனத்தில் உதயகுமரன் காதலோடு துரத்தி வந்தான், அதனால் தூக்கிப் போனது. அந்த விமானத்துக்கு டிக்கெட் போட்டதே காதல்தான். அதுவும் போன பிறவியிலேயே அவன் இராகுலன், இவள் அவன் மனைவி இலக்குமி. காதலுக்கு இரண்டு பிறவிக் கதை!

நடுவர் கை மணிப்பக்கம் போகிறது. ஒரே ஒரு விஷயம் ஐயா.

டோல்கீனைப் பற்றிக் கொஞ்சம் கிண்டலாகப் பேசிவிட்டேன். மாயக்கதை உலகத்துக்கே பெரியவர் அவர். சின்ன வயதில் பெற்றோரை இழந்தவர். எடித் என்ற பெண்ணை விரும்பினார். பாதுகாவலராக இருந்த பாதிரியார், இருபத்தொரு வயது ஆகும்வரை ஒரு கடிதம்கூடப் போடக் கூடாது என்றார். போடவில்லை. 1913 ஜனவரி 3-ல் வயது நிறைந்தது, உடனே எழுதினார். எடித்துக்கு வேறு ஒருவரோடு நிச்சயமாகிவிட்டது என்று பதில் வந்தது. நாமாக இருந்தால் தாடி வளர்த்திருப்போம். அவர் ரயில் ஏறினார். செல்டன்ஹாம் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே எடித் வந்து நின்றாள். அன்று முழுக்கப் பேசினார்கள். நிச்சயதார்த்த மோதிரம் திரும்பிப் போனது. நடுவரே, அவர் முதலில் ஜெயித்த மோதிரப் போர் அதுதான்!

1971-ல் எடித் இறந்தார், 1973-ல் அவர். ஆக்ஸ்போர்டில் ஒரே கல்லறை. புதிது புதிதாக மொழிகளையே உருவாக்கிய மனிதருடைய கல்லில் எந்த மந்திரமும் இல்லை. எடித் பெயருக்குக் கீழே லூத்தியென், அவர் பெயருக்குக் கீழே பெரன். அவருடைய கதையில் பெரன் என்ற மனிதனுக்காகச் சாகாவரத்தையே வேண்டாம் என்று விட்ட பெண் லூத்தியென்.

இந்த அரங்கத்தில் எத்தனை பேர் அப்படி ரயில் ஏறி வந்தவர்கள்! ஊரில் தாலி கட்டிவிட்டுத் தனியாகத் தாராவிக்கு வந்து, பத்துப் பேரோடு ஒரு அறையில் படுத்து, வாடகைக்கு ஒரு கோளி, அதாவது ஒற்றை அறை வீடு, கிடைத்த பிறகு மனைவிக்குக் கடிதம் போட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சென்னை வண்டி எத்தனை மணி நேரம் லேட் என்றாலும் தாதர் பிளாட்பாரத்தை விட்டு நகராமல் நின்றவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன மாயாஜாலம் நடந்தது? டிராகனா வந்து இறக்கிவிட்டது? முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைக்கிறார். அவரிடம் போய் மாயம் பெரிதா, மனசு பெரிதா என்று கேளுங்கள் எதிரணியினரே, உங்களுக்குத் தைரியம் இருந்தால்!

மணி அடித்துவிட்டது. நடுவரே, உங்கள் வீட்டம்மாவும் இங்கேதான் இருக்கிறார், நான் பேசப் பேசக் கைதட்டிக்கொண்டே இருந்தார். தீர்ப்பை யோசித்துச் சொல்லுங்கள், இன்றைக்கு ராத்திரி நீங்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். நன்றி, வணக்கம்.