குரங்கணிச் சரிவில் மரக்கன்றைத் தேடுவோம்

போடி மக்களுக்கு வணக்கம். குரங்கணி என்றதுமே இந்த ஊரில் எல்லாருக்கும் 2018 மார்ச் 11தான் நினைவுக்கு வரும். கேரள எல்லையை ஒட்டிய கொழுக்குமலைச் சரிவில் பரவிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களை மறக்க முடியாது. நான் இன்று பேச வந்தது அந்த மலைக்காட்டைப் பற்றி.

போன மார்கழியில் வனத்துறை அனுமதியோடு குரங்கணிக்கு மேலே ஒரு பகல் முழுக்கத் தனியாக நடந்தேன். கூட ஆள் வந்தால் பேச்சிலேயே பாதை கழிந்துவிடும். தனியாகப் போனால் கண் தரையிலேயே இருக்கும்.

கீழேயிருந்து பார்க்க மலை பச்சைப்பசேலென்று இருந்தது. "காடு திரும்பிடுச்சு" என்று நாம் சொல்வது இதைப் பார்த்துத்தான். கிட்டே போனால் முக்கால்வாசி போதைப்புல் என்கிற மலைப்புல், ஆள் உயரத்துக்கு. தாளைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். அந்த வாசத்தைத் தருகிற எண்ணெய்தான் கோடையில் தீக்குத் தீனி. மேலே எரிந்தாலும் தூர் சாகாது. ஒரு மழை போதும், துளிர்த்துவிடும்.

மரத்தின் பாடு வேறு. ஒரு வேங்கை மரம், இடுப்புயரம் வரை கரி. நகத்தால் சுரண்டினேன். கரி உதிர்ந்தது, உள்ளே பட்டை தடிமனாக, ஈரத்தோடு இருந்தது. அப்படிப்பட்ட பெரிய மரம் தீயைத் தாங்கிவிடும். கன்று தாங்காது. கருகிய கன்று வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும். அடுத்த கோடையில் மறுபடி கருகும். அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். முழங்காலைத் தாண்டிய கன்று ஒன்றுகூட இல்லை. தாய் மரம் நிற்கிறது, அதற்குப் பின்னால் வளர ஆளில்லை. எனக்கு மனசு ஆறவேயில்லை. சில வருஷம் தொடர்ந்து தீ விழாமல் இருந்தால் போதும், கன்று தீக்கு எட்டாத உயரம் போய்விடும்.

ஓடையோரச் சோலை மரங்களுக்கு அந்தத் தடித்த பட்டையும் கிடையாது. ஈரம்தான் காவல்.

மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் அது மனிதர் வைத்த தீ. அணைக்காத பீடி, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்கு வைக்கிற நெருப்பு.

பிள்ளைகளே, மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அனுமதி வாங்கி, மழை ஓய்ந்த மாதங்களில் போங்கள். மாசி, பங்குனியில் வேண்டாம். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். அதை முந்தி மேலே ஓடித் தப்பிக்க முடியாது. அப்புறம், கோடைக்கு முன்னால், தீ தாண்டாதபடி புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை நடக்கும். வீட்டுக்கு ஒருவர் ஒரு நாள் வந்து கைகொடுங்கள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு நானும் அரிவாளோடு வருகிறேன்.