டீச்சர் பெரியம்மா படத்துக்கு டச்சப்பா?

வணக்கம் மக்களே! இந்த வாரம் காசிமேடு மீன் வீடியோ கிடையாது. பெரியம்மா தவறிவிட்டார் என்று போன வீடியோவிலேயே சொன்னேன். நம்ம டீச்சர் பெரியம்மாதான், மார்கழிக் கோல வீடியோவில் பின்னால் நின்று "புள்ளி தப்பு" என்று அதட்டினாரே, அவரேதான்.

முப்பதாம் நாளுக்குப் படம் மாட்ட, பன்னிரண்டுக்குப் பதினெட்டில் ஃபிரேம் போடக் கொடுத்திருந்தேன். கண்ணாடியோடு 950 ரூபாய், சரி என்றேன். போய் வாங்கினால் படத்தில் பெரியம்மாவையே காணோம்! சுருக்கமெல்லாம் போய் முகம் வழவழவென்று இருக்கிறது, நெற்றியில் இருந்த விபூதியை "வெள்ளையா ஏதோ பட்டிருந்துச்சு மேடம்" என்று அழித்திருக்கிறார்கள். அதற்கு டச்சப் என்று தனியாக 200 வேறு. நான் கேட்டேனா? பழையபடி எடுத்துக் கொடுங்கள் என்றால் புதுப் பிரிண்டுக்கு இன்னும் 350 என்கிறார் அந்தப் பையன். நான் நகரவே இல்லை, கடை வாசலிலேயே நின்றேன். கடைசியில் முதலாளி வந்து பார்த்து, சுருக்கத்தோடும் விபூதியோடும் புதிதாக எடுத்துக் கொடுத்தார். 950தான், ஒரு ரூபாய் கூடக் கொடுக்கவில்லை! இந்த டச்சப் வேலையே எனக்குப் பிடிக்காது, போய்ச் சேர்ந்தவர்களுக்கு எதற்கு மேக்கப்?

அந்த விபூதி இல்லாமல் பெரியம்மாவை யாருமே பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் வீட்டில் பிடிக்க முடியாது. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, மீஞ்சூரில் இறங்கி, காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளைக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன், மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் படும். 2022இல் தேரடி மெட்ரோ ஸ்டேஷன் திறந்ததும், அந்த லிஃப்டைப் பற்றியே ஒரு மாதம் பேசினார்.

வள்ளலாரின் வடிவுடை மாணிக்கமாலை 101 பாட்டும் மனப்பாடம். ஏழுகிணறு வீட்டுக்கு ராத்திரி நேரம் கழித்துப் பசியோடு வந்து திண்ணையில் படுத்த வள்ளலாருக்கு, அம்மனே அண்ணி ரூபத்தில் வந்து சோறு போட்ட கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொல்வார். சொல்லிவிட்டு "காலையில சாப்பிடாம வந்தது யாரு?" என்று கேட்பார், கை தூக்கியவர்களுக்குத் தூக்குவாளியில் இட்லி இருக்கும். 2022இல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தபோது "நான் இருந்தப்பவே வந்திருக்கக் கூடாதா" என்று அழுதே விட்டார்.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லவில்லையே! மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர், 58 வயதில் 2006இல் ரிட்டயர் ஆனார். பெரியப்பா சீக்கிரமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அதனால் நாங்கள்தான் பிள்ளைகள், எங்கள் எல்லோருக்கும் ஜூன் மாத ஃபீஸ் அவர்தான். பீரோவைத் திறந்தபோது ஒரு நீள நோட்டு கிடைத்தது, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது. என் பேர், தம்பி பேர், சித்தப்பா பிள்ளைகள், அதற்குக் கீழே எங்களுக்கு யாரென்றே தெரியாத பேர்கள், எதிரே பரீட்சை ஃபீஸ் தொகை. எல்லாவற்றுக்கும் நேராகப் பச்சை மையில் "கட்டியாச்சு". திருப்பி வந்தது என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

பதினாறாம் நாள் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வந்தார், பழைய மாணவராம். கவரில் பணம் வைத்து நீட்டினார், அம்மா வாங்கவே இல்லை, உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்.

கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரர் லிங்கத்தின் கவசத்தைக் கழற்றுவது வருஷத்தில் மூன்றே நாள்தான், பெரியம்மா ஒரு வருஷம் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் அம்மாவும் நானும் போகிறோம், கேமரா கொண்டுபோக மாட்டேன், வீடியோ கேட்காதீர்கள். தண்டையார்பேட்டையில் அவரிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் வீட்டுக்கு வாருங்கள். கவரோடு மட்டும் வராதீர்கள், அம்மா வாங்க மாட்டார்.