எழுதாக் கடன்

(தேசிய வாசிப்பு மாதத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமமொன்றின் நூலக முன்றலில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் நூலகர் அவர்களே, வாவி கடந்து வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய கோயில் நிருவாகியான வண்ணக்கர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரே, பெரும்போக விதைப்பைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

எழுத்து எப்படிப் பிறந்தது, எதைக் காத்தது, கைத்தொலைபேசிக் காலத்தில் அதன் கதி என்ன என்று மூன்று விடயங்கள் பேச வந்தேன்.

ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன் மெசொப்பொத்தேமியாவில் ஈரக் களிமண்ணில் முதலில் கீறியது கவிதையை அல்ல, தானியக் கணக்கை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? அங்கும் அதே கவலைதான்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை எண்ணிப் பாருங்கள். யாழ் மீட்டும் கை ஒன்றுகூட மிஞ்சாத காலத்தில், சிலப்பதிகார வரிகளைப் பிடித்துக்கொண்டு அந்த இசையைத் தேடிப் போனார். 1947இல் யாழ் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

என் பெரியப்பா வடமோடிக் கூத்து அண்ணாவியார். 1978 நவம்பர் 23, சூறாவளி இரவு. கிடுகுக் கூரை முழுவதும் பறந்துவிட்டது. நாங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தோம். அவர் கூத்துக் கொப்பியைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். விடிந்ததும் பிரித்தார். மை முழுவதும் நீலத் தண்ணீராக ஓடியிருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? அவர் எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் ஒரே ஒரு பிரதி!

தண்ணீர் வடிந்ததும் ஊர் ஊராக நடந்தார். முன்பு ஆடியவர்களுக்குக் கொடுத்த சட்டங்களை, அதாவது அவரவர் பாடும் பகுதியை மட்டும் எழுதிய தாள்களைத் தேடினார். அரசனின் சட்டம் ஒரு வீட்டில் உறிப்பானைக்குள் கிடந்தது. மந்திரியின் சட்டத்தை ஒரு கிழவர் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். கட்டியகாரனுக்கு ஆடியவர் கண் தெரியாதவராகியிருந்தார். அவர் பாடப் பாட நான் எழுதினேன். எனக்குப் பதினொரு வயது. அரசகுமாரிக்கு ஆடியவர் மட்டும் இறந்துவிட்டார். அவருடைய சட்டத்தை அடுப்பு மூட்ட எடுத்துவிட்டார்கள். இன்றும் அந்தக் கூத்தில் அரசகுமாரி களரிக்கு வருவாள், மத்தளத்துக்கு ஆடுவாள், பாடுவதற்குத் தருப் பாட்டு இல்லை.

ஆகவே, மூன்றாவது விடயத்தை மாணவர்களிடம் இன்னொரு நாள் பேசுகிறேன். இன்று உங்களிடம் கேட்பது இது. உங்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டோ கூத்துக் கொப்பியோ காவியப் பிரதியோ இருந்தால் இந்த நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். யாரும் பறிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, உங்கள் கண்முன்னே கையில் திருப்பித் தருவோம். பழைய ஓலையில் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான்; எடு என்பதும் ஏடு என்பதும் ஒன்றுபோலவே தெரியும். அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அருகே இருந்து உதவ வேண்டும்.

பிரதேச செயலாளர் அவர்களே, ஓர் அறையும் பூட்டுள்ள இரும்பு அலுமாரியும் தாருங்கள். வண்ணக்கர் ஐயா, கோயில் பெட்டகத்திலுள்ள கண்ணகி வழக்குரைக் காவியப் பிரதியிலிருந்து தொடங்குவோம்.