நஷ்டத்தில் யாருக்குப் பங்கு?

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இஸ்லாமிய வங்கி என்றதும் இரண்டு விதமான பேச்சு வருகிறது. வட்டி வாங்காமல் ஒரு வங்கி எப்படிப் பிழைக்கும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. வட்டிக்கு லாபம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்கிறது இன்னொரு தரப்பு. முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: தொழிலில் பங்கெடுத்தும் பொருளை வாங்கி விற்றும் பிழைக்கும். இரண்டாவதைத்தான் நாம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது.

வழக்கமான வங்கியில் ஒருவர் பத்து லட்சம் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழில் ஓடினாலும் படுத்தாலும், அவர் கடையில் தீப்பிடித்தாலும், வட்டி மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். பணம் கொடுத்தவருக்கு வரவேண்டியது முதல் நாளே முடிவாகிவிட்டது. மிச்சமுள்ள ஆபத்து முழுவதும் உழைப்பவர் தலையில். இந்த ஏற்பாட்டைத்தான் குர்ஆன் ஏற்கவில்லை. இரண்டாவது அத்தியாயம் 275ஆம் வசனத்தில் வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கிறது, அடுத்து 280ஆம் வசனத்தில் கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்.

சரி, இதற்கு மாற்று என்ன? முளாரபா. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார், லாபத்தை அறுபதுக்கு நாற்பது என்பதுபோல முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும், அவர் அலட்சியமாகவோ மோசடியாகவோ நடந்துகொள்ளாத வரை அவரிடம் யாரும் கை நீட்ட முடியாது. முஷாரகாவில் இருவருமே முதல் போடுவார்கள், நஷ்டத்தை அவரவர் முதலின் அளவுக்கு ஏற்கவேண்டும். இப்படிச் செய்தால் வங்கி அடமானத்தை மட்டும் பார்த்துவிட்டு உட்கார முடியாது, தொழில் தேறுமா என்று உண்மையாகவே பார்க்க வேண்டியிருக்கும்.

எதிர்த்தரப்பு சொல்வதையும் நியாயமாகக் கேட்போம். இன்றைய பணமும் ஐந்து வருடம் கழித்து வரும் பணமும் ஒன்றல்ல, காத்திருப்பதற்கு ஒரு விலை வேண்டாமா என்கிறார்கள் பொருளாதார அறிஞர்கள். இஸ்லாமியச் சட்டம் காலத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பொருளைக் கைக்காசுக்கு ஒரு விலையிலும் தவணைக்குக் கொஞ்சம் கூடுதல் விலையிலும் விற்பதைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். அந்தக் கூடுதல் ஒரு பொருளோடு கட்டுப்பட்டிருக்க வேண்டும், விற்கிறவர் அந்தப் பொருளுக்குப் பொறுப்பேற்றிருக்க வேண்டும், விலை பேசி முடிந்தபின் அது வளரக்கூடாது. நிபந்தனை இவ்வளவுதான்.

இன்றைக்கு இஸ்லாமிய வங்கிகளில் அதிகம் நடக்கிற முராபஹா இதன் மீதுதான் நிற்கிறது. உங்களுக்கு ஓர் இயந்திரம் வேண்டும். வங்கி அதைப் பத்து லட்சத்துக்கு வாங்கி, அடக்கவிலையை மறைக்காமல் சொல்லி, உங்களுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்குத் தவணையில் விற்கிறது. நீங்கள் தாமதமாகக் கட்டினாலும் பன்னிரண்டு பதின்மூன்றாகாது. அபராதம் விதித்தால் அது வங்கியின் லாபத்தில் சேராமல் தர்மத்துக்குப் போகவேண்டும். கடன் குட்டி போட்டுக் குடும்பங்களை விழுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்.

ஆனால் நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. பல இடங்களில் வங்கி வாடிக்கையாளரையே தன் முகவராக நியமித்து, அவரையே வாங்கச் சொல்லி, சில நிமிடங்கள் மட்டும் காகிதத்தில் உரிமையாளராக இருந்துவிட்டு விற்றுவிடுகிறது. லாப விகிதத்தையும் சந்தை வட்டி விகிதத்தைப் பார்த்தே வைக்கிறார்கள். இன்னும் ஒருபடி மேலே போனது ஒழுங்கமைக்கப்பட்ட தவர்ருக்: பணம் தேவைப்படுகிறவருக்கு வங்கி உலோகத்தைக் கடனுக்கு விற்று, அதே உலோகத்தை அவர் சார்பில் உடனே வேறொருவருக்கு விற்று, பணத்தைக் கையில் கொடுக்கும். அந்த உலோகத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இது கூடாது என்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாதமி, அதாவது இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அவை, 2009இல் ஷார்ஜாவில் தெளிவாகவே தீர்மானம் போட்டது. அப்புறமும் பல நாடுகளில் நடக்கிறது. இதை நாம் மூடி மறைக்கக்கூடாது.

ஏன் இப்படி ஆனது? பேராசை ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை. லாபத்தில் பங்கு என்றால் தொழில் செய்பவர்களில் சிலர் இரண்டு கணக்குப் புத்தகம் வைப்பார்கள், உண்மையான லாபத்தைக் காட்டமாட்டார்கள். பணம் போட்டவர்களும் நஷ்டத்தில் பங்கு என்றதும் தயங்குகிறார்கள், லாபம் மட்டும் வேண்டும் என்கிறார்கள். வரிச் சட்டமும் ஒரு பக்கம் சாய்கிறது: பல நாடுகளில் நிறுவனங்கள் கட்டும் வட்டியைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், கூட்டாளிக்குக் கொடுக்கும் லாபப் பங்கைக் கழிக்க முடியாது. வங்கி வாங்கி விற்கும்போது ஒரே வீட்டுக்கு இரண்டு முறை முத்திரைத் தீர்வை விழும் சிக்கலை பிரிட்டன் 2003இல் சட்டம் திருத்தித்தான் சரிசெய்தது.

முடியாத காரியமா? 1963இல் எகிப்தின் மித் கம்ர் என்ற ஊரில் அஹ்மத் அல்-நஜ்ஜார் என்ற பொருளாதார அறிஞர் வட்டி இல்லாத சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். சிறு விவசாயிகளும் தொழிலாளர்களும் தங்கள் சின்னச் சின்னச் சேமிப்பைக் கொண்டுவந்து போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த முயற்சி நின்றுபோனாலும், 1975இல் துபாய் இஸ்லாமிய வங்கியும் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் செயல்படத் தொடங்கின.

இன்னொன்று, வங்கியை மட்டுமே பேசினால் இஸ்லாமியப் பொருளாதாரத்தில் பாதியைத்தான் பேசியதாகும். ஓர் ஆண்டு கையிருப்பில் இருக்கும் செல்வத்துக்கு இரண்டரை சதவீதம் ஜகாத், அதாவது கட்டாய தர்மம். பணத்தைச் சும்மா பூட்டி வைத்தால் வருடா வருடம் குறையும், அதனால் அதைத் தொழிலில் இறக்குவதே நல்லது. அந்த ஜகாத்தைப் பெற உரிமையுள்ள எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவர்களும் உண்டு என்பதை நாம் போதுமான அளவுக்குப் பேசுவதே இல்லை.

ஆகவே அடுத்த முறை உங்கள் வங்கிக்குப் போகும்போது கேளுங்கள். பொருள் வங்கியின் பொறுப்பில் எவ்வளவு நேரம் இருந்தது, அந்த நேரத்தில் அது அழிந்திருந்தால் யாருக்கு நஷ்டம், தாமத அபராதம் எந்தக் கணக்குக்குப் போகிறது, மொத்த முதலீட்டில் முஷாரகாவும் முளாரபாவும் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். வங்கி இஸ்லாமியச் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் ஷரீஆ குழுவின் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பதில் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு, கேட்க வேண்டியது பணம் போட்ட நம்முடைய பொறுப்பு.